ஒரு செம்புத் தண்ணீர்

"சாமி, எம் பொண்ணுக்கு அழச் சொல்லிக்குடுங்க."

குரு சிரித்துவிட்டார். "அழுகையை நிறுத்தணும்னுதான் எல்லாரும் பிள்ளையைத் தூக்கிட்டு வருவாங்க. நீ என்னப்பா தில்லைநாதா, தலைகீழா வர்றே?"

தில்லைநாதன் அந்த மடத்துக்குப் பல வருஷமாக வருகிற சிஷ்யர். குரு சிரித்தால் கூடவே சிரித்துவிடுவார். இன்று சிரிப்பு வரவில்லை. மனைவி ஆடியில் இறந்துபோனாள். இப்போது மார்கழி.

"முந்தாநாள் சோறு வடிச்சேன் சாமி. அவ இருந்தவரைக்கும் அடுப்புப் பக்கமே போகாதவன். கை தவறி, கொதிக்கிற கஞ்சி இவ கால்ல கொட்டியிருக்கு. எனக்குத் தெரியவே தெரியாது. விடிஞ்சு கொப்புளத்தைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சது. வாயே திறக்கலை. நாளைக்கு இவளைப் பாம்பு கடிச்சாலும் எனக்குத் தெரியாது சாமி."

குமுதா தூணோரம் நின்றிருந்தாள். எட்டு வயது. பாதத்தில் வாழையிலைத் துண்டு வைத்துத் துணியால் கட்டியிருந்தது.

"இங்க வா கண்ணு. கஞ்சி கொட்டினப்போ நீ என்ன பண்ணினே?"

அவள் முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி குடிச்சேன்."

"எதுக்கு?"

"குடிச்சா அழுகை உள்ள போயிடும்."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை. அப்பா அப்படித்தான் பண்ணுவாங்க. அம்மாவைத் தூக்கிட்டுப் போனப்போ செம்புத் தண்ணி முழுசும் குடிச்சாங்க. அத்தை வந்து அம்மா பேச்சை எடுத்தாலும் எழுந்துபோய்க் குடிப்பாங்க."

தில்லைநாதன் தலை குனிந்துகொண்டார். 'ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, இவரல்லவோ மனுஷன்' என்று அன்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"குழந்தை பயந்துடக் கூடாதேன்னுதான் சாமி, நான்..."

அவர் கண் தண்ணீர்ப் பானையைத் தேடியது.

மகள் அதைக் கண்டுகொண்டாள். நொண்டிக்கொண்டே ஓடினாள். மூலையிலிருந்த பானையில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள்.

"குடிங்கப்பா. சீக்கிரம்."

குரு குறுக்கே கை நீட்டிச் செம்பை வாங்கினார். அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை தாமே குடித்தார். காலிச் செம்பைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

தில்லைநாதன் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையை மீறி வந்தது அது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின.

குமுதா திகைத்து நின்றாள். பிறகு மெல்ல அருகில் போய், அவர் கன்னத்தைத் தொட்டாள். ஈரமான விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் உதடு கோணியது.

"கால் எரியுதுப்பா."