காரல்திட்டுப் பவளத்தின் இரண்டு துண்டுகள்

2011 மார்ச் 14, காலை பத்து மணி. ஆய்வுக்கூட மேசையில், கடலுக்குள் பல திட்டுகளில் எடுத்த பதினேழு பவளத் துண்டுகள் கிடந்தன. முக்குளித்து அவற்றை எடுத்துவந்தவர் கயித்தான். இயக்குநர் ரங்கபாஷ்யம் உருவத்தைப் பார்த்தே இனம் சொல்பவர்.

"காரல்திட்டுல இருக்கிறது எங்கேயும் கிடைக்கிற பவளம்தான். துறைமுகத்துக்காகத் தோண்டலாம்னு எழுதி அனுப்பியாச்சு" என்றார்.

"எனக்கு வேற இனமாத் தெரியுது சார். மரபணுச் சோதனைக்கு அனுப்பிப் பாருங்க."

"முங்குறவன் எனக்குப் பாடம் நடத்துறியா? என் கண்ணு தப்புன்னு காட்டு, அனுப்புறேன்."

கயித்தான் இரண்டு துண்டுகளை நீட்டினார். ஒன்று தட்டையாகவும் மற்றது விரல்விரலாகவும் இருந்தது.

"இது ரெண்டும் சார்?"

"வேற வேற இனம். குழந்தைகூடச் சொல்லும்."

கயித்தான் உடைந்த முனைகளைச் சேர்த்துப் பிடித்தார். இடைவெளியில்லாமல் பொருந்தின.

"காரல்திட்டுல ஒரே பவளத்துல உடைச்சது சார். அலையடிக்கிற பக்கம் விரலா வளரும், ஒதுங்கின பக்கம் தட்டையா வளரும்."

அறையிலிருந்த எழுத்தர்கள் சிரித்தார்கள். இயக்குநர் சொன்னபடி அந்தத் துண்டுகளில் சுரண்டிய மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினார். ஆனால் முடிவு வரும்வரை, தோண்டலாம் என்று எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார்.

2012 ஜனவரியில் தோண்டும் கப்பல் வந்து காரல்திட்டு முழுவதையும் தோண்டியெடுத்தது. 2012 ஜூன் 6 அன்று மரபணு முடிவு வந்தது. அது வேறெங்கும் பதிவாகாத தனி இனம். அந்த இனத்தில் மிஞ்சியிருந்தவை மேசையிலிருந்த அந்த இரண்டு துண்டுகள் மட்டுமே.