காற்று நுழையாத வீடு

ஏரிக்கரை வேப்பமரத்தில் மின்னி என்ற அணில் வாழ்ந்தது. கவலைப்படுவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. இலை அசைந்தால் பாம்போ என்று பார்க்கும். அசையாவிட்டால், ஏன் அசையவில்லை என்று பார்க்கும்!

காரணம் இல்லாமல் இல்லை. போன ஐப்பசி மழையில் கூடு ஒழுகி, நனைந்து விறைத்த குட்டி ஒன்று செத்துப்போனது. அன்றிலிருந்து வானத்தில் மேகம் கூடினாலே மின்னிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

மார்கழியில் வாலாட்டிக் குருவி வந்து சேர்ந்தது. குளிர் தேசத்துப் பறவை. ஆண்டுதோறும் பனிக்காலத்தைக் கழிக்க இந்த ஏரிக்கு வரும். வந்தால் வாய் ஓயாது.

"எங்க ஊர்ல ஒரு வீடுகூட ஒழுகாது!" என்று பெருமையடித்தது வாலாட்டி.

"ஐயா! எனக்கும் அப்படி ஒரு வீடு வேணும். எப்படிக் கட்டணும்னு சொல்லுங்க!" என்று கெஞ்சியது மின்னி.

"தாராளமா! ஆனா நான் சொல்றபடிதான் கட்டணும். மாத்தக் கூடாது!"

வாலாட்டி ஈர மண்ணில் அலகால் கோடு கோடாகப் போட்டு விளக்கியது. ஏரிக் களிமண்ணில் தடித்த சுவர். உள்ளே இலவம்பஞ்சு மெத்தை. சுற்றுலா வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் தாளை இறுக்கி ஒட்டிய கூரை. சாயங்கால வெயில் நேராக உள்ளே விழும்படி மேற்கே பார்த்த வாசல்.

கீழ்க்கிளையில் குடியிருந்த ஓணான் தலையை ஆட்டியது. "காத்து வர ஒரு சந்து விட வேண்டாமா?"

"காத்து வந்தா கூடவே மழையும் வருமே!" என்று முந்திக்கொண்டு கத்தியது மின்னி.

மேல்கிளைக் கவட்டில் வீடு முடிந்தது. தைப் பனியில் உள்ளே போனால் கதகதவென்று அவ்வளவு சுகம். ஓணான்கூட தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று மனசில்லாமல் சொன்னது.

பங்குனியில் வாலாட்டி தன் ஊருக்குப் பறந்துவிட்டது. மின்னிக்குக் குட்டிகள் பிறந்தன. பின்னாலேயே சித்திரையும் வந்தது.

ஒரு பிற்பகல். இரை தேடப் போயிருந்த மின்னி வீடு திரும்பியது. வாசலில் கால் வைத்ததும் முகத்தில் அனல் அடித்தது. மேற்கு வெயில் மெத்தை வரைக்கும் நீண்டு கிடந்தது. குட்டிகள் வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. கடைசிக் குட்டி கூப்பிட்டும் தலையைத் தூக்கவில்லை.

மின்னி பதறி உள்ளே பாய்ந்தது. பஞ்சை அள்ளி வெளியே வீசியது. போதவில்லை. சுவரைத்தான் உடைக்க வேண்டும்! பல்லை வைத்தது. அந்த நேரம் பார்த்து வானம் உறுமியது. கோடை மழை! ஏரிக்கு மேலே கருமேகம் திரண்டிருந்தது.

உடைத்தால் நனையும். உடைக்காவிட்டால் வேகும். மின்னி கீழ்க்கிளையைப் பார்த்துக் கத்தியது.

"ஓணானே! மழை வருமா? பெரிய மழையா வருமா?"

"வந்தா வரட்டும்! முதல்ல பிள்ளைங்களைப் பாரு!" என்று அதட்டியது ஓணான்.

மின்னி கண்ணை மூடிக்கொண்டு கடித்தது. காய்ந்த களிமண் கல்லாக இருந்தது. ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. ஏரிப் பக்கம் ஒரு துளை விழுந்தது. காற்று வந்தது, ஆனால் கூரைக்கடியில் தேங்கிய சூடு போகவில்லை. போக வழி வேண்டாமா? எதிர்ச்சுவரில், கூரைக்குக் கொஞ்சம் கீழே, இன்னொரு துளை போட்டது. அப்போதுதான் ஏரிக்காற்று ஒரு பக்கம் நுழைந்து, சூட்டைத் தள்ளிக்கொண்டு மறுபக்கம் வெளியேறியது.

கடைசிக் குட்டி மெல்லத் தலையைத் தூக்கியது. மின்னி அழுதேவிட்டது.

அழ நேரம் இல்லை. சொட்டுச் சொட்டென்று தூறல் விழுந்தது. மின்னி கூரைத் தாளைப் பிய்த்தது. சுள்ளிகளை நட்டு, சுவரைத் தாண்டி நீளும்படி தாளைச் சரிவாக உயர்த்தியது. ஓணான் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டது.

"சீக்கிரம் கட்டும்மா! காத்து என்னையும் சேர்த்துத் தூக்குது!"

கட்டி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. மின்னி குட்டிகளின் மேல் படுத்துக்கொண்டது. இதோ ஒழுகும், இதோ ஒழுகும் என்று காத்திருந்தது. தண்ணீர் தாளில் வழிந்து சுவருக்கு வெளியே விழுந்தது. சாரலில், மிச்சமிருந்த பஞ்சின் ஓரம் மட்டும் லேசாக நனைந்தது. குட்டிகள் குளிர்ந்த காற்றில் தூங்கிப்போயின.

மழை விட்டதும் மின்னி தலையில் அடித்துக்கொண்டது. "மார்கழியில வந்து பங்குனியில போறவர்கிட்ட, சித்திரைக்கும் சேர்த்து வீடு கேட்டேனே! அவருக்கு நம்ம வெயிலைப் பத்தி என்ன தெரியும்? எனக்குத் தெரியுமே! தெரிஞ்சும் கொன்னிருப்பேனே!"

ஓணான் ஈர வாலை உதறிக்கொண்டு கீழே இறங்கியது.

தன் ஊர் வெயிலையும் காற்றையும் மறந்து, ஒரே ஒரு பயத்துக்காக வீடு கட்டுகிறவர், அதைவிடப் பெரிய ஆபத்தைத் தாமே உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கிறார்.