சரிவில் இறைத்த எரு

ஊட்டிக்கு மேற்கே ஒரு மலைச்சரிவில் சின்ன மடம் ஒன்று இருந்தது. மூன்று மாடுகள், நான்கு அடுக்குக் காய்கறிப் பாத்திகள். குரு அருளம்மைக்கு நாற்பது வயது. சீடர் நல்லசிவத்துக்கு அறுபத்தொன்று. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஒரு மார்கழியில் அருளம்மை பத்து நாள் வெளியூர் போனார். தொழுவத்துக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய எருக்குவியலை மாசி வரை தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நல்லசிவத்துக்குக் கை சும்மா இருக்காது. அம்மா வருவதற்குள் வேலையை முடித்து வைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தார். உறைபனியில் பாத்திகளின் மேல்மண் இறுகிக் கிடந்தது. அதன்மேல் நான்கு நாள் கூடை கூடையாகச் சுமந்து எருவை இறைத்தார்.

ஐந்தாம் நாள் பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. எரு மண்ணுக்குள் இறங்கவில்லை. சரிவோடு வழிந்து ஓடையில் கலந்தது. கீழே எட்டு வீட்டுக்கு அந்த ஓடைதான் குடிதண்ணீர்.

இரண்டு நாள் கழித்து, அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து மாதி என்ற பெண் ஏறி வந்தாள். அவளுடைய இரண்டு வயது மகள் வயிற்றுப்போக்கு கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"தண்ணியில சாண நாத்தம் அடிக்குது. மேல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

நல்லசிவம் மறைக்காமல் சொன்னார். அவள் வந்த வழியே இறங்கிப் போனாள்.

அருளம்மை திரும்பியதும் நல்லசிவம் எல்லாவற்றையும் சொல்லி, மடத்தை விட்டுப் போய்விடுவதாகச் சொன்னார். சாப்பிட்டீர்களா என்று கேட்டார் அருளம்மை. இல்லையென்றதும் சோறு போட்டார். பிறகு ஒரு குடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டார்.

அடுத்த சரிவில் ஒரு ஊற்று உண்டு. அங்கிருந்து எட்டு வீட்டுக்கும் இருவரும் பன்னிரண்டு நாள் தண்ணீர் சுமந்தார்கள். முதலில் யாரும் நல்லசிவத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தை தேறி வீட்டுக்கு வந்த அன்று, மாதி அவருக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தாள்.

மழை கழுவியது போக மிஞ்சிய எருவை இருவரும் வழித்தெடுத்து, ஓடைக்கு எட்டாத சமதரையில் குவித்தார்கள். சுற்றிலும் வரப்புக் கட்டினார்கள். ஓடைக்கரையில் புல் நட்டார்கள்.

அன்று மாலை கை கழுவும்போது நல்லசிவம் கேட்டார்: "ஆசையோடதானே அம்மா போட்டேன். மண்ணு ஏன் வாங்கிக்கல?"

அருளம்மை அவர் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"தூங்குற பிள்ளை வாயில சோறு ஊட்டினா முழுங்குமா, ஐயா? முழிச்சதும் அதுவே கேக்கும். அதுவரைக்கும் மூடி வைங்க."