இருளாண்டி கிணற்றுக்குள் கிடந்த இருபத்தாறு நாள்

சளப்.

கண்ணைத் திறப்பதற்கு முன்பே காசிமாயனுக்கு அது தண்ணீர் என்று தெரிந்துவிட்டது. மறுபடியும் சளப். யாரோ செம்பு செம்பாக மொண்டு எதன் மீதோ அடிக்கிறார்கள். இரவெல்லாம் ஐஸ் பேக்டரியில் பாளம் பாளமாகத் தூக்கி அடுக்கிவிட்டு வந்து, அப்போதுதான் படுத்திருந்தார் மனிதர். படுத்தபடியே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அங்கே ஒருத்தன் நாக்கு வறண்டு கிடக்கான். இங்கே எவ அது தண்ணியை வாரி இறைக்கிறவ?"

"நான்தான்" என்றது கொல்லைப்புறம். "எருமையக் குளிப்பாட்டுறேன். கிடக்கிறவனையும் கூட்டிட்டு வாங்க, சேர்த்து ஊத்திவிடுறேன்."

கொல்லைப்புறத்தில் பேசியது அவர் மனைவி ராக்கு. நாக்கு வறண்டு கிடந்தவன் இருளாண்டி. அவன் ஒரு கதைக்குள் கிடந்தான்.

வெயிலுகந்தபுரம் வாலிப எழுத்தாளர் சங்கத்துக்கு மொத்தம் நாலு வாலிபர்கள். இருப்பதிலேயே இளையவர் காசிமாயன், வயது நாற்பத்தேழு. தலைவர் மாவு மில் சீனிச்சாமி. செயலாளர் தேவசகாயம், போட்டோக்களுக்குச் சட்டம் போடுகிறவர். நாலாவது ஆள் கூடலிங்கம், கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவர். நாலு பேரும் முறை வைத்து ஒரே நோட்டில் ஒரே கதையை எழுதினார்கள். மாசி பங்குனியில் அவர்கள் எழுதிய வேகத்துக்கு இருளாண்டி இரண்டு கல்யாணம், ஒரு தேர்தல், மூன்று கப்பல் பயணம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பத்திரிகைக்குப் போன பக்கங்களும் போன வேகத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்தன.

பங்குனி கடைசி நாள் காசிமாயனின் முறை. ஷிப்டு முடிந்து வந்த அசதியில், "இருளாண்டி கால் தவறிக் கிணற்றுக்குள் விழுந்தான்" என்று எழுதி நோட்டை மூடினார். தூங்கி எழுந்து காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. சொந்தச் செருப்பையும் தன் டிபன் கேரியரையும் கதைக்குள் கொடுத்து அவர் வளர்த்த பிள்ளை அவன். விட்டுவிடுவாரா?

விடிந்தால் சித்திரை ஒன்று. அன்றைக்குப் பார்த்துத்தானா பத்திரிகை ஆசிரியரின் கடிதம் வரவேண்டும்!

"அன்பர்களே, உங்கள் வேகத்தை எங்களால் தாங்க முடியவில்லை. கோடையில் எழுத்தும் கொஞ்சம் நிதானப்பட வேண்டும். நிழலில் இருங்கள். நாளுக்கு ஒரு வரி போதும்."

சங்கத்துக்கு வந்த முதல் கடிதம். தேவசகாயம் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அன்று முதல் அதுவே சட்டம்.

முதலில் நிழல். ஊரில் அன்றைக்கு நல்ல நிழல் என்று இருந்தது வைக்கோல் லாரி ஒன்றின் நிழல்தான். நாலு பேரும் நோட்டோடு அதில் உட்கார்ந்தார்கள். லாரி கிளம்பியது. ஆசிரியர் சொல்லைத் தட்டலாமா? நிழலை விடாமல் செக்போஸ்ட் வரைக்கும் கூடவே ஓடினார்கள். கூடலிங்கம் மட்டும் நடுவழியில் ஒரு மாட்டு வண்டியின் நிழலுக்கு மாறிக்கொண்டதாகச் சொல்வார்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சங்கத்துக்கென்று ஒரு பெரிய குடை வாங்கினார்கள்.

அடுத்தது ஒரு வரி. சித்திரை ஒன்று தேவசகாயம் எழுதினார்: "அவன் விழுந்துகொண்டிருந்தான்." இரண்டாம் நாள் கூடலிங்கம்: "இன்னும் விழுந்துகொண்டிருந்தான்." மூன்றாம் நாள் தலைவர்: "தரை வந்தபாடில்லை." நாலாம் நாள் காசிமாயன் எப்படியாவது அவனை நிறுத்தப் பார்த்தார். ஓட்டுக்கு விட்டதில் மூன்றுக்கு ஒன்றாகத் தோற்றார். இப்படியாக இருளாண்டி பதினொரு நாள் விழுந்தான்.

"எந்த ஊருய்யா பதினொரு நாள் ஆழத்துக்குக் கிணறு வெட்டுறான்?" என்று காசிமாயன் கேட்டார்.

"கோடைக்காலம் காசி" என்றார் தலைவர். "தண்ணி கீழ போயிருக்கும்ல."

பன்னிரண்டாம் நாள் அடித்தரை வந்தது. தண்ணீர் கீழேயும் இல்லை. அன்றிலிருந்து காசிமாயனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் பேக்டரியிலிருந்து முழு ஐஸ்பாளத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து நோட்டின் மேல் வைத்தார். ஐஸ் உருகி, கால் தவறிய வரியும் அவன் விழுந்துகொண்டிருந்த பதினொரு வரிகளும் அழிந்துபோயின.

சங்கம் அவசரமாகக் கூடியது.

"அப்ப அவன் விழவே இல்லையே" என்றார் கூடலிங்கம்.

"அடித்தரை வரி அழியலையே. உள்ளதான் இருக்கான்" என்றார் தேவசகாயம்.

"விழாம எப்படிய்யா உள்ள போனான்?"

தலைவர் வெகுநேரம் யோசித்தார். "அதெல்லாம் அவன் சொந்த விஷயம்."

இன்று இருபத்தாறாவது நாள். கத்திரி வெயில். வெளியே சளப் சளப்பென்று தண்ணீர் வீணாகிறது. காசிமாயன் பாயை உதறிவிட்டு எழுந்து மாவு மில்லுக்கு ஓடினார். மற்ற மூவரும் குடையும் கையுமாக அங்கேதான் இருந்தார்கள்.

"தலைவரே, இன்னைக்கு முறையை எனக்கு விட்டுக்கொடுங்க. எப்படியாச்சும் அவனை வெளிய எடுத்தாகணும்."

தலைவர் விரல் மடக்கினார். "யாராச்சும் வரணும், எட்டிப் பார்க்கணும், கயிறு தேடணும், போடணும். நாலு நாள். விழவே பதினொரு நாள்னா ஏற இருபத்திரண்டு நாளாவது வேணும். நடுவுல நிலாவை வர்ணிக்காம விடமுடியாது, அதுக்கு ஒரு வாரம். வைகாசி கடைசி ஆயிரும்."

காசிமாயனின் கண் கலங்கிவிட்டது. கூடலிங்கத்துக்கு மனது கேட்கவில்லை.

"ஒரு வரின்னுதானே ஆசிரியர் எழுதியிருக்காரு? எவ்வளவு நீளம்னு எழுதலையே!"

மூன்று பேரும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷும் வந்தன. மில் வாசலில் தொடங்கித் தார்ச்சாலையில், ஆளுயர எழுத்தில், ஒரே வரி. முற்றுப்புள்ளி வைக்கிற வரைக்கும் வரி முடியாது என்று தலைவர் தீர்ப்பு வழங்கினார். தேவசகாயம் குடை பிடிக்க, கூடலிங்கம் எழுத, காசிமாயன் முன்னால் நடந்து சொல்லிக்கொண்டே போனார்: "வழிப்போக்கன் ஒருவன் ஓடி வந்து கிணற்றை எட்டிப் பார்த்துத் தன் தோளில் கிடந்த..."

அங்கே வழி அடைத்துக் கிடந்தது ஓர் எருமை. ராக்குவின் எருமையேதான். வாளி காலியாகி அவள் அடிபம்புக்குப் போன நேரம், பாதிக் குளியலில் வந்து ரோட்டில் படுத்திருந்தது.

"சுத்திப் போயிடுவோமா?" என்றார் கூடலிங்கம்.

"வளைஞ்சா அது வரியா? கோலம்யா!" என்றார் தலைவர். "நேரா எழுது."

எருமையின் விலாவில் "கயிற்றை" என்று எழுதினார் கூடலிங்கம். நாலடி தள்ளி நின்று பார்த்தார். "ரோட்டை விட எருமைல எழுத்து நல்லா எடுக்குது" என்றார்.

தூரத்தில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. எருமை எழுந்தது. வாளி இருக்கும் திசையில் நடந்தது.

"ஐயோ, கயிறு போகுது! பிடிங்கய்யா!" என்று அலறினார் காசிமாயன்.

"எதை வெச்சுப் பிடிக்க?"

"கயித்தை வெச்சுத்தான்!"

"கயிறுதான் போகுதே!"

கொல்லைப்புறத்தில் ராக்கு செம்பை ஓங்கியபோது காசிமாயன் குறுக்கே விழுந்து எருமையைக் கட்டிக்கொண்டார். மற்றவர்கள் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார்கள்.

"தண்ணி படக்கூடாது ராக்கு! கயிறு அழிஞ்சிரும். அவனுக்கு இருக்கிறதே இந்த ஒரு கயிறுதான்."

ராக்கு எருமையைப் படித்தாள். புருஷனைப் பார்த்தாள். இரண்டு வாரமாக அந்த மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை, பகலில் கண்ணை மூடவில்லை. விலா எலும்பு எருமையைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்தது.

"தள்ளிவிட்டது யாரு?"

"நான்தான்" என்றார் காசிமாயன்.

"அந்தக் கிணத்துல படி கிடையாதா?"



"படி இல்லைன்னு யாரும் எழுதலையே" என்றார் தேவசகாயம் மெதுவாக.

ராக்கு பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். எருமை படுத்திருந்த வெற்றிடத்தில், விட்ட இடத்திலிருந்தே எழுதினாள்: "துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, படி இருக்குல்ல, ஏறி வாடா வெங்காயம் என்று சொல்ல, அவனும் ஏறி வந்து தண்ணி குடிச்சுட்டான்." கடைசியில் இட்லி அளவுக்கு ஒரு முற்றுப்புள்ளி.

தலைவர் தொடக்கத்திலிருந்து நடந்துவந்து படித்தார். "ஒரே வரிதான்" என்றார். "சட்டப்படி செல்லும்."

காசிமாயன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு நாளுக்குப் பிறகு அவருக்குக் கொட்டாவி வந்தது. பாதிக் கொட்டாவியில் வாய் அப்படியே நின்றது.

"தலைவரே, ஏறி வந்தவன் இப்ப எங்க நிக்கிறான்?"

"முற்றுப்புள்ளிகிட்ட."

"வெயில்லயா?"

தேவசகாயம் பதறிப்போய்க் குடையை முற்றுப்புள்ளியின் மேல் பிடித்தார். தார் உருகிக்கொண்டிருந்தது. மற்ற மூவரும் குடைக்கு வெளியே, மண்டை காய, காவலுக்கு நின்றார்கள். எதிரே வந்த பஸ் நின்று ஹாரன் அடித்தது. காசிமாயன் வாயில் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று டிரைவருக்குச் சைகை காட்டினார்.

"இப்பத்தான் அசந்திருக்கான்" என்றார்.

ராக்கு திரும்பிப் போய் வாளியிலிருந்து ஒரு செம்பு மொண்டு எருமையின் விலாவில் ஊற்றினாள்.

சளப்.