வைக்கோலுக்குள் திரும்பி நின்ற இனிப்பு

மாடும் பயிரும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், நெற்பயிர் அடி முதல் நுனி வரை இனித்தது. இன்று குளுக்கோஸ் என்று நாம் அழைக்கும் இனிப்புமணிகள் அதனுள் கைகோத்து, ஒரே முகமாய் வரிசையில் நின்றன. மென்றால் போதும், எச்சில் பட்டதும் பிடி விலகும், நா இனிக்கும்.

அந்த இனிப்பை மயிலை என்ற எருது கண்டதே இல்லை. உழுதது அது, பரம்படித்து வயலைச் சமன் செய்தது அது, கதிரை மிதித்துப் போரடித்ததும் அதுவே. உழவன் கூத்தனோ கதிரையும் தின்றான், கதிரைத் தாங்கிய தண்டான தாளையும் தின்றான். எருதுக்கு வெறும் பதரைக் கொட்டினான்.

"கூத்தா, இது அடுக்குமா? தாளையாவது எனக்கு விடு."

"மாட்டுக்கு வாய் நீளுதே! போட்டதைத் தின்னுட்டுப் படு."

சொல்லிவிட்டு, எருதின் முகத்துக்கு நேரே இன்னொரு தாளை ஒடித்து மென்றான். மயிலைக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நுகத்தடியை உதறிவிட்டு, அறுக்காமல் நின்ற பயிரிடம் போயிற்று.

"நெல்லக்கா, உன் வேருக்கு மண்ணை இளக்கித் தந்தது யார்? அவனா?"

நெற்பயிர் நடுங்கியது, காற்றினால் அன்று, சினத்தினால்.

"எனக்கும் கண் இருக்கிறது, தம்பி. விதைத்தவன் அவன், நெல்மணி அவனுக்குச் சேரட்டும். தாளை மட்டும் அவன் தின்னக் கூடாது." உடனே தாளுக்குள் இருந்த இனிப்புமணிகளுக்கு ஆணையிட்டது: "ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்புங்கள். எச்சில் பட்டாலும் பிடித்த கையை விடாதீர்கள்!"

மறுநாள் கூத்தன் தாளை மென்றான். தாடை வலித்ததே ஒழிய இனிக்கவில்லை.

"தூ! இனிப்பையெல்லாம் எங்கேடி ஒளித்தாய்?"

"எங்கும் ஒளிக்கவில்லை. அத்தனையும் உள்ளேதான் இருக்கிறது. முடிந்தால் பிரித்துத் தின்."

மயிலையும் மென்று பார்த்துக் கலங்கியது. "அக்கா, எனக்கும் சேர்த்துப் பூட்டிவிட்டாயே!"

அப்போது சேற்றில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் குரல் கொடுத்தன: "அந்தப் பிடியை அவிழ்க்க எங்களுக்குத் தெரியும். வயிற்றில் குடியிருக்க இடம் தருவது யார்?"

"கண்டதும் வந்து தங்க என் வயிறு என்ன சத்திரமா?" என்று கூத்தன் காறித் துப்பினான்.

"வாருங்கள்" என்றது மயிலை. சேற்றுநீரைக் குடித்தது, தாளை விழுங்கியது, மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து பொறுமையாய் மென்றது. வயிற்றில் குடியேறிய நுண்ணுயிர்கள் பிடியை அவிழ்க்க, மெல்ல மெல்ல, உழைத்த உடம்பில் அந்த இனிப்பு ஊறியது.

நெல்மணி மனிதனுக்கு, வைக்கோல் மாட்டுக்கு என்றானது அன்று முதல்தான். சோற்றை நெடுநேரம் மென்றால் நமக்கு இனிக்கிறது. வைக்கோலுக்குள் இருக்கும் அதே இனிப்பு நமக்கு எட்டுவதில்லை. மாடோ பதர் கொட்டியவனை இன்னும் மன்னிக்காத கண்களோடு, நம்மைப் பார்த்தபடியே அசைபோடுகிறது.