பத்துக்கு இரண்டு

போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற அருமைநாயகத்துக்கு, ஊரில் குடியை ஒழித்துவிட வேண்டும் என்று ஆசை. லத்தியால் ஆகாதது பேச்சாலாவது ஆகட்டும் என்று, குடிநோயாளிகளுக்கான இல்லத்தில் ஆலோசகராக இருந்த தமயந்தியிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு அவருடைய மகள் வயதுதான்.

முதல் ஆளாக அவரிடம் வந்தவன் பெயிண்டர் பொன்னுரங்கம். மஞ்சள் காமாலையில் பிழைத்து எழுந்தவன். இனிக் குடித்தால் உயிர் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏட்டய்யா யோசிக்கவே இல்லை. அவனுடைய மகளின் போட்டோவை வாங்கி மேஜைமேல் வைத்தார். கற்பூரத்தைக் கொளுத்தி, அதை அணைத்துச் சத்தியம் செய்யவைத்தார். அதோடு போன பொன்னுரங்கம், வரச் சொன்ன நாளில் வரவில்லை.

ஏட்டய்யா வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தார். போன் போட்டால் அவன் எடுக்கவில்லை. மூக்குப்பொடி டப்பா இடுப்பிலிருந்து வருவதும் போவதுமாக இருந்தது.

“மேடம், நான் போய்த் தரதரன்னு இழுத்துட்டு வந்துரட்டுமா? செத்துப் போயிருவான் மேடம்.”

“உக்காருங்க ஏட்டய்யா.”

“நீங்க யார்கிட்டயும் குடிக்காதேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே. சொன்னா என்ன கெட்டுப்போகும்?”

தமயந்தி டப்பாவைப் பார்த்தாள்.

“அந்தப் பொடியை விட்டுருங்க. உடம்புக்குக் கெடுதல்.”

“இதுவா? எங்கப்பா கடைசி வரைக்கும் போட்டாரு. ஒருநாள் காய்ச்சல்னு படுத்ததில்லை. இதைப் போட்டாத்தான் மேடம் எனக்கு மூளையே ஓடும்.”

சொல்லிவிட்டு வீம்புக்கு இன்னொரு சிட்டிகை இழுத்தார். “சொன்னதும் இன்னொரு சிட்டிகை,” என்று சிரித்தாள் தமயந்தி.

வெயில் சாயும்போது பொன்னுரங்கம் வந்தான். கண் சிவந்திருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

“சத்தியம் என்னடா ஆச்சு?” ஏட்டய்யாவுக்குப் பழைய ஸ்டேஷன் குரல் வந்துவிட்டது.

அவன் திரும்பி நடந்தான்.

“வெயில்ல வந்திருக்கீங்க. மோர் சாப்பிட்டுப் போங்க,” என்றாள் தமயந்தி.

அதற்கு அவன் நின்றான். உள்ளே வந்து உட்கார்ந்தான். மோர் டம்ளரை வாங்கிக்கொண்டான்.

“மறுநாளே குடிச்சிட்டேம்மா. பாப்பா மேல சத்தியம் பண்ணிட்டுக் குடிச்சிட்டேன். அவளுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்கு. அந்தப் பயத்துக்கே தினமும் குடிக்கிறேன்.”

ஏட்டய்யாவுக்குத் திக்கென்றது.

“பயத்தோடயே இருந்திருக்கீங்க,” என்றாள் தமயந்தி. பிறகு கேட்டாள்: “குடியை விடணுங்கிற எண்ணம் இப்ப எவ்வளவு இருக்கு? பத்துக்கு எத்தனை போடுவீங்க?”

“ரெண்டு.”

ஏட்டய்யா பல்லைக் கடித்தார். ரெண்டு மார்க்குக்கு எந்த வாத்தியார் பாஸ் போடுவார்?

“ஏன் பூஜ்யம் போடலை?” என்றாள் தமயந்தி.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“போன்ல பாப்பா, ‘வாயைக் கொப்பளிச்சிட்டு வந்து பேசுப்பா’ங்குறா. போன்ல எப்படிடி வாடை வரும்னேன். ‘உன் பேச்சுலயே வருது’ன்னா.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அந்த வாடை இல்லாம ஒருநாள் அவகிட்டப் பேசிரணும்மா.”

“பேசணும்.”

“திடீர்னு நிறுத்தினா கை கால் இழுக்குமாமே. ஊசி போடுற டாக்டர் நாளைக்கு இருப்பாரா?”

“இப்பவே உள்ள இருக்காரு.”

மிச்ச மோரைக் குடித்துவிட்டு அவன் எழுந்து டாக்டர் அறைக்குப் போனான். ஏட்டய்யா நாற்காலியைத் தமயந்தி பக்கம் இழுத்துப் போட்டார்.

“நான் வாங்கின சத்தியமே அவனைக் கொன்னிருக்கும் மேடம்.”

தமயந்தி இல்லையென்று சொல்லவில்லை.

“அவன் பூஜ்யம்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?” என்று கேட்டார் ஏட்டய்யா.

“பூஜ்யமா இருந்தா, கேட் வரைக்கும் நடந்து வந்தது யாரு ஏட்டய்யா?”