கூரையை வெட்டியவர்

"என்னை ஏமாத்திப்போட்டாங்க அம்மிணி," என்றார் சென்னியப்பன்.

ரெஜினா டீச்சர் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

கோயம்புத்தூருக்குத் தெற்கே உள்ள பந்தயத் தடத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் டீச்சர். வயது நாற்பத்திரண்டு. சீடர் சென்னியப்பனுக்கு அறுபத்து மூன்று. அம்மிணி என்று கூப்பிட்டாலும் அவர் அதைக் கும்பிடுகிற மாதிரிதான் சொல்வார்.

ஏமாற்றியது ஒரு கார் கம்பெனி.

அறுபது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் எட்டே எட்டுப் பந்தயக் கார்கள் செய்துவிட்டு நிறுத்திக்கொண்ட கம்பெனி அது. இப்போது விட்ட இடத்திலிருந்து எண் போட்டு, ஒன்பது, பத்து என்று மறுபடியும் செய்து விற்கிறது. நகல் இல்லையாம், தொடர்ச்சியாம். விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

பதினாறு வயதில் ஒரு பத்திரிகையில் அந்தக் காரின் படத்தைப் பார்த்து மயங்கிய மனுஷன். விளம்பரத்தைப் பார்த்ததும் தென்னந்தோப்பை விற்று ஒன்பதாம் எண்ணை வாங்கிவிட்டார்.

கார் கப்பலில் வந்து இறங்கியது. ஏறி உட்கார்ந்தார். கால் பிரேக்குக்கு எட்டவில்லை.

சென்னியப்பன் ஐந்தடி மூன்று அங்குலம். இருக்கையோ தரையோடு ரிவிட் அடித்தது, துளை போட்டு ரிவிட்டை எடுத்தால்தான் நகரும். முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டிப் பார்த்தார். நாலாவது வளைவில் தலையணை நழுவி, கார் மண்ணில் ஏறி நின்றது. பம்பாயில் இருக்கும் கம்பெனி ஏஜென்ட்டுக்குப் போன் போட்டார். இருக்கையை ஒரு நூல் நகர்த்தினாலும் அசல் கார் என்ற சான்றிதழ் செல்லாது, எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று பதில் வந்தது. பெடலில் கட்டை வைத்தாலும் அதேதான்.

இது என்ன நியாயம்? காரை விற்கத் தெரிந்தவனுக்கு, ஓட்டப்போகிறவன் எவ்வளவு உயரம் என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதா? கேட்டால், பெரும்பாலும் யாரும் ஓட்டுவதில்லை சார் என்று மரியாதையாகச் சிரிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை வருடத்தின் கடைசிப் பந்தயம். அடுத்த வருடப் பந்தய லைசன்ஸுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த ஞாயிற்றை விட்டால், சென்னியப்பன் அந்தக் காரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவ்வளவுதான்.

"ஒரு வழி சொல்லுங்க அம்மிணி. காலும் எட்டோணும், சான்றிதழும் போகக்கூடாது."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். காருக்குள் உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தார். அவர் தலைக்கு நேர் மேலே கூரை, பானையைக் கவிழ்த்த மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது. அவர் தலைக்கும் அதற்கும் நடுவே ஒரு பூசணிக்காயை வைக்கலாம்.

"இது எதுக்குங்ணா?"

அத்தனை கோபத்திலும் சென்னியப்பனுக்குப் பெருமை வந்துவிட்டது. விலாவாரியாகச் சொன்னார். முதன்முதலில் இதை ஓட்டியவர் ஆறடி நாலு அங்குலம். பந்தயத்தன்று காலையில்தான் ஹெல்மெட் கூரையில் இடிப்பது தெரிந்தது. ஒரு மெக்கானிக் கூரையை வெட்டி, ஒரு தகட்டைத் தட்டி வளைத்து, அந்த இடத்தில் வைத்து அடைத்துக் கொடுத்தார். அன்றைக்கு ஜெயித்தார்கள். அந்தப் புடைப்பை ஒரு நூல் பிசகாமல் ஒன்பதாம் எண்ணிலும் செய்திருக்கிறார்கள்.

"அந்த மெக்கானிக் பேரென்னங்ணா?"

தெரியவில்லை.

"கேளுங்க," என்றார் டீச்சர்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே சென்னியப்பன் பம்பாய்க்குப் போன் போட்டார். ஏஜென்ட் கோப்பைப் புரட்டினான். புடைப்பின் உயரம் இருந்தது. தகட்டின் கனம் இருந்தது. சுற்றிலும் இருபத்தாறு ரிவிட், அதுவும் இருந்தது. பெயர் இல்லை. காரின் அசல் தன்மைக்கு அந்த விவரம் தேவைப்படாது என்றான்.

சென்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தட்டுனதையெல்லாம் அளந்து வெச்சிருக்கறீங்க. தட்டுனவரு பேரு உங்களுக்கு வேண்டாமுங்களா?"

உங்கள் வருத்தத்தைக் குறித்துக்கொள்கிறேன் என்றான் அவன். சென்னியப்பன் போனை வைத்தார். ஆத்திரம் அடங்கவில்லை, டீச்சர் பக்கம் திரும்பியது. நான் என் காலுக்கு வழி கேட்டு வந்தேன், செத்துப்போனவர் பேரை விசாரிக்க வரவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்தான் இருக்கிறது என்று படபடவென்று பொரிந்தார். நியாயமான கோபம்தான். டீச்சர் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு கூரைமேல் கை வைத்தார்.

"இதை வெட்டறதுக்கு முன்னாடி, அவரு யாருக்குப் போன் பண்ணுனாருங்ணா?"

சென்னியப்பன் அண்ணாந்து பார்த்தார்.

டீச்சர் டயருக்கே திரும்பிப் போய்விட்டார்.

சென்னியப்பன் காருக்குள் இருந்தபடியே புடைப்பின் ரிவிட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். போன் அடித்தது. பம்பாய்தான். இருக்கையில் கை வைக்க மாட்டேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னான். இல்லையென்றால் எண்ணை ரத்து செய்ய வேண்டி வருமாம்.

"அந்த நம்பரை நீங்களே வெச்சுக்குங்க," என்றார் சென்னியப்பன்.

தலையை வெளியே நீட்டினார்.

"அம்மிணி, ட்ரில்லு எங்க இருக்குதுங்க?"